நின்ற நிமிடங்களின் கணக்கு

எந்தப் பட்டறைக்குப் போனாலும் சூப்பர்வைசர் மேசையில் நீள நோட்டு ஒன்று இருக்கும். மெஷின் எண், ஆபரேட்டர் பெயர், ஓடிய நேரம், பீஸ் எண்ணிக்கை, ரிஜெக்ஷன் என்று ஷிப்ட் முடியும் நேரத்தில் அதில் எழுதுவார்கள். கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துபவரும் அரசூரில் பம்பு உதிரிகள் செய்பவரும் அந்த நோட்டை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள், ஆர்டர் ஒப்புக்கொள்கிறார்கள், புது மெஷின் வாங்க வங்கிக்குப் போகிறார்கள். பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். 'ஓடிய நேரம்' என்ற கட்டத்தில் அநேகமாக ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வரும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்த மனிதருக்கு, முற்பகலில் டூல் மாற்ற மெஷின் ஏழு நிமிடம் நின்றதும், பிற்பகலில் வார்ப்பு வந்து சேராமல் பதினெட்டு நிமிடம் காத்திருந்ததும் மாலையில் நினைவிருக்காது.

தொழிற்சாலைக்கு 'ஸ்மார்ட்' தொழில்நுட்பம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த நோட்டிலிருந்துதான் தொடங்குவேன். நடப்பது நடக்கும்போதே, நடந்த இடத்திலேயே, தானாக எழுதிக்கொள்ளும் நோட்டு அது. ரோபோ, செயற்கை நுண்ணறிவு, முப்பரிமாண அச்சு எல்லாம் இதே குடும்பத்தில் உண்டு. ஆனால் அடித்தளம் அந்த நோட்டுதான். அது சரியாக இல்லாத இடத்தில் மற்றவற்றைக் கொண்டுவந்து வைத்தால் பணம்தான் போகும்.

'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயரை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். 2011-இல் ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்கண்காட்சியில் புழக்கத்துக்கு வந்த பெயர் அது. நீராவி முதலாவது, மின்சாரமும் தொடர் உற்பத்தியும் இரண்டாவது, கணினிக் கட்டுப்பாடு மூன்றாவது என்று எண்ணி, கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்வதை நான்காவது தொழிற்புரட்சி என்றார்கள். எண்ணைக் கண்டு யாரும் மலைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் மூன்றாவதும் இரண்டாவதும் ஒரே கூரையின் கீழ் இன்றும் ஓடுகின்றன. கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினுக்கு அடுத்த இடத்திலேயே முப்பது வருடப் பழைய லேத் நிற்கும்.

அந்தப் பழைய லேத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கணினியும் கிடையாது, திரையும் கிடையாது. ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அது எப்படித் தன் கணக்கைத் தானே எழுதும்? மோட்டாருக்குப் போகும் மின்கம்பியைச் சுற்றி ஒரு கிளிப் சென்சாரை மாட்டுகிறோம். கம்பியை வெட்ட வேண்டாம், லேத்தில் துளை போட வேண்டாம். கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதை அது அளக்கிறது. லேத் நின்றிருந்தால் ஒன்றும் இராது. சும்மா சுற்றினால் கொஞ்சம் இருக்கும். டூல் இரும்பைக் கடிக்கும்போது ஏறும். இந்த மூன்று நிலைகளையும் ஒரு சிறு மின்னணுப் பலகை நொடிக்கு நொடி குறித்து, நேரத்தையும் சேர்த்து, ஒயர் வழியாகவோ வைஃபை வழியாகவோ அலுவலகக் கணினிக்கு அனுப்பும். கிளிப் சென்சார் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. தூசும் எண்ணெயும் சூடும் தாங்கும் தரமான பெட்டியோடு வாங்கினால் கூடுதலாகும்.

சென்சார் அளக்கும், பலகை சேகரிக்கும், வலைப்பின்னல் சுமக்கும், கணினி கணக்கிடும், திரை காட்டும். முழுச் சங்கிலியும் இவ்வளவுதான். கருவிகள் பேசிக்கொள்ளும் மொழிகளும் அப்படியொன்றும் புதியவை அல்ல. மின்மீட்டர்களிலும் டிரைவ்களிலும் இன்றும் பரவலாக இருக்கும் மோட்பஸ் 1979-இல் வந்தது. குறைந்த வேக இணைப்பிலும் சிறு சிறு செய்திகளை அனுப்ப உதவும் எம்.க்யூ.டி.டி. 1999-இல், பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக உருவானது. உங்கள் பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் டிஜிட்டல் மின்மீட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். மோட்பஸுக்கான இரண்டு முனைகள் யாரும் தொடாமல் காலியாகக் கிடக்க வாய்ப்பு அதிகம்.

இனி, வந்து சேரும் எண்களை வைத்து என்ன செய்வது? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உலகெங்கும் உற்பத்தித் துறையில் ஓ.இ.இ. என்றொரு அளவை வைத்திருக்கிறார்கள். ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி நகாஜிமா வகுத்தது. மெஷினின் மொத்தச் செயல்திறன் என்று தமிழில் சொல்லலாம். மூன்று கேள்விகளின் விடையை ஒன்றோடொன்று பெருக்கினால் அது கிடைக்கும். ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடியது? ஓடியபோது முழு வேகத்தில் ஓடியதா? வந்த பீஸ்களில் எத்தனை நல்லவை?

கணக்குக்காக ஒரு ஷிப்டைக் கற்பனை செய்வோம். எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். சாப்பாட்டுக்கும் டீக்கும் 30 நிமிடம் போக 450. அதில் மெஷின் ஓடியது 330 நிமிடம். முறையான வேகத்தில் ஒரு பீஸுக்கு 3 நிமிடம் என்றால் 110 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 96. அதிலும் செக்கிங்கில் 6 கழிந்து நல்லது 90. தொண்ணூறு பீஸுக்கு முறைப்படி ஆக வேண்டிய நேரம் 270 நிமிடம். 450-இல் 270 என்றால் 60 சதவீதம். மீதி 180 நிமிடம் எங்கே போனது? நின்றதில் 120, மெதுவாக ஓடியதில் 42, கழிந்த பீஸ்களில் 18.

இந்த 180 நிமிடத்தை ஒரு நிமிடம் மனதில் வைத்துப் பாருங்கள். அதற்கும் கூலி கொடுத்தாயிற்று, வாடகை கொடுத்தாயிற்று, மெஷின் வாங்கிய கடனுக்கு வட்டியும் கட்டியாயிற்று. ஆர்டர் கூடியதும் நம்மவர்கள் முதலில் நினைப்பது இன்னொரு மெஷின் வாங்குவதைத்தான். இருக்கும் மெஷினுக்குள்ளேயே பாதி மெஷின் ஒளிந்திருப்பது நோட்டில் தெரிவதில்லை. 85 சதவீதத்தை உலகத் தரம் என்பார்கள். ஆனால் ஒரே பொருளை மாதக் கணக்கில் செய்யும் பெரிய ஆலைக்குப் பொருந்துகிற இலக்கு, தினம் நான்கு வகை ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைக்குப் பொருந்தாது. அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நான் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பம்பு கம்பெனியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். எல்லா மெஷின்களிலும் சென்சார் மாட்டி, வாசலில் பெரிய திரை வைத்தார்கள். மெஷின் நின்றால் ஆபரேட்டர் பெயர் சிவப்பில் தெரியும். முதல் மாதம் எண்கள் மளமளவென்று ஏறின. அனுப்பிய சரக்கு மட்டும் ஏறவில்லை. காரணம் தெரிய வெகுநாள் ஆகவில்லை. பெயர் சிவப்பாகிவிடக் கூடாதே என்று, வேலை இல்லாத நேரத்திலும் ஸ்பிண்டிலைச் சும்மா சுற்றவிட்டிருக்கிறார்கள். மின்னோட்டத்தின் அளவை வைத்து அதையும் பிடித்துவிடலாம் என்று சொல்லி, நானே ஒரு திருத்தத்தைச் செய்து கொடுத்தேன். சிவப்பு மறுபடியும் கூடியது, ஷெட்டில் பேச்சு குறைந்தது.

கடைசியில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நின்றது என்று காட்டுகிறீர்கள், சரி. ஏன் நின்றது என்று யாராவது கேட்டீர்களா? நான்கு மெஷினுக்கு ஒரே ஒரு போர் கேஜ். என் முறை வரும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்." போர் கேஜ் என்பது துளையின் உள்ளளவைப் பார்க்கும் கருவி. பத்து நாள் கணக்கை எடுத்துப் பார்த்தோம். நான்கு மெஷின்களும் மாறி மாறி ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று நின்றிருந்தன. அவர் சொன்னதோடு நிமிடம் நிமிடமாகப் பொருந்தியது. கம்பெனி இன்னும் இரண்டு கேஜ் வாங்கியது. அத்தனை சென்சாரும் மென்பொருளும் சேர்ந்து கொண்டுவராத மாற்றத்தை அந்த இரண்டு கேஜ் கொண்டுவந்தன. ஆனால் அவர் பேச்சுக்குச் சாட்சி சொன்னது சென்சாரின் கணக்குதான் என்பதையும் மறைக்கக் கூடாது. அதற்கு முன்பும் அவர் கேஜ் கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை.

மெஷின் நின்றதைக் கருவி சொல்லும், ஏன் நின்றது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். இதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன். அதனால் நல்ல அமைப்புகளில் மெஷின் அருகே நான்கைந்து பொத்தான்கள் வைக்கிறார்கள்: டூல் மாற்றம், பொருள் இல்லை, செட்டிங், கேஜுக்குக் காத்திருப்பு, பழுது. நின்றதும் ஆபரேட்டர் ஒன்றை அழுத்தினால் போதும். பொத்தான்களில் எழுத்தைவிடப் படம் போடுங்கள். இன்று கோவையிலும் திருப்பூரிலும் மெஷின் முன் நிற்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதிய பொத்தானை அவர் தயங்கித் தயங்கி அழுத்தினால், கிடைக்கும் கணக்கும் தயக்கமான கணக்காகவே இருக்கும். அந்தக் கணக்கை வைத்துக் கூலியில் கைவைக்க மாட்டோம் என்று முதலாளி முதல் நாளே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

இதில் வரலாறு கற்றுத்தரும் ஒரு பாடம் உண்டு. நீராவி எஞ்சின் காலத்துத் தொழிற்சாலையில் கூரையை ஒட்டி ஒரு நீள ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பெல்ட் இறங்கும். மின்சாரம் வந்தபோது அமெரிக்க ஆலைகள் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தன. ஷாஃப்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன, பெரிய பலனும் கிடைக்கவில்லை. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, ஷாஃப்டைக் கழற்றி, வேலை நகரும் வரிசைப்படி மெஷின்களை இடம் மாற்றி வைத்த பிறகுதான், 1920-களில், உற்பத்தித் திறன் தாவிப் பாய்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காராவின் நீர்மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகிய ஊர் கோவை. இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-இல் உருவானதும் இங்கேதான் என்று ஜி.டி. நாயுடுவின் பெயரோடு சொல்வார்கள். மோட்டாரை உலகுக்கு விற்கும் ஊர் இந்தப் பாடத்தை மறக்கலாகாது. கருவியை மட்டும் மாற்றிவிட்டு வேலை முறையை அப்படியே வைத்திருந்தால், பழைய ஷாஃப்டில் புது மோட்டார் மாட்டிய கதைதான்.

அளந்து பார்த்து நடத்துவதும் கொங்கு நாட்டுக்கு அன்னியமான பழக்கம் இல்லை. 1956-இல் கோவையில் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம், பஞ்சாலைகளின் உற்பத்தித் திறனை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்தது. நூல் சுற்றும் கதிர்கள் நூறு ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை இழை அறுகிறது என்று, நூற்கும் மெஷின்களான ரிங் பிரேம் வரிசைகளுக்கு இடையே நடந்து எண்ணுவார்கள். இப்போது ஒவ்வொரு கதிருக்கும் ஒரு சென்சார் வந்துவிட்டது. இழை அறுந்த கதிரின் அருகே விளக்கு எரிகிறது. அறுந்த இழையை இணைக்கும் சைடர் வேலை பார்க்கும் பெண் வரிசை முழுவதும் நடந்து தேட வேண்டியதில்லை, விளக்கைப் பார்த்து நேரே போகலாம். ஒரு ஷிப்டில் கிலோமீட்டர் கணக்கில் நடக்கும் கால்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தொழில்நுட்பம் யாருக்காக என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக அழகான பதில் அந்தச் சின்ன விளக்கு.

இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரியில் கேள்வி வேறு. இண்டக்‌ஷன் ஃபர்னஸில் ஒரு டன் இரும்பை உருக்கப் பொதுவாக 600 யூனிட்டைச் சுற்றி மின்சாரம் செலவாகும். உருகிய பிறகு மோல்டு தயாராகவில்லை, லேபில் இருந்து முடிவு வரவில்லை என்று காத்திருந்தால், இரும்பு ஆறாமல் இருக்கவே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மூடி திறந்திருந்தால் இன்னும் அதிகம். மாதக் கடைசியில் வரும் பில் இதையெல்லாம் ஒரே தொகையாகச் சொல்லும். ஃபர்னஸுக்குத் தனி மீட்டர் வைத்து, ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு முறை உருக்குவதற்கும், எத்தனை யூனிட் என்று பிரித்துப் பார்த்தால், ஒரே எடைக்கு ஒரு ஹீட் ஏன் அதிகம் தின்றது என்று அன்றைக்கே கேட்கலாம். உயரழுத்த இணைப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. மாதத்தில் பதிவான மிக உயர்ந்த மின்தேவைக்குக் கே.வி.ஏ. கணக்கில் தனிக் கட்டணம். ஃபர்னஸும் மணல் ஆலையும் கம்ப்ரஸரும் ஒரே நேரத்தில் ஏறிய ஒரு நாளின் உச்சம் மாதம் முழுவதற்குமான கட்டணத்தைத் தூக்கிவிடும். உச்சத்தை நெருங்கும்போது மணி அடிக்கும் ஒரு சிறு ஏற்பாடு போதும், அதைத் தவிர்க்கலாம்.

கம்ப்ரஸரைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு பணம் காற்றாகப் போகிறது. பராமரிப்பு சரியில்லாத இடங்களில் அழுத்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க சென்சார்கூட வேண்டாம். விடுமுறை நாளில், காற்றை எடுக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் ஓட்டுங்கள். அது லோடில், அதாவது காற்றை அழுத்தியபடி, ஓடும் நேரத்தையும் ஓய்ந்திருக்கும் நேரத்தையும் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். 2 நிமிடம் ஓடி 6 நிமிடம் ஓய்ந்தால், எட்டில் இரண்டு பங்கு, அதாவது 25 சதவீதம் கசிவு. யாரும் காற்று எடுக்காதபோது அந்த 2 நிமிடக் காற்று எங்கே போகிறது? கசியும் இணைப்பைத் தேடிப் பிடித்து இறுக்க ஒரு நாள் போதும்.

பேரிங் பழுதையும் முன்கூட்டியே அறியலாம். பழைய ஃபிட்டர்கள் ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் மீது வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார்கள். அதிர்வு சென்சார் செய்வதும் அதையேதான், இரவு பகல் ஓயாமல்.

திருப்பூரின் நிலைமைதான் இப்போது அவசரமானது. ஒரு பனியன் துணி நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், தையல் என்று பல கை மாறிப் போகிறது. ஒவ்வொன்றும் தனித்தனி முதலாளியின் யூனிட்டாக இருக்கலாம். துணி நகரும்போது கூடவே நகர்வது ஒரு டெலிவரி சீட்டு. எந்த லாட் நூல், எந்த மெஷின், எந்த சாயம், எவ்வளவு தண்ணீர் என்ற விவரங்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்றுவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய பொருள்விதி, டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட் என்ற ஒன்றைக் கொண்டுவருகிறது. பொருளில் இருக்கும் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அது எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். முன்னுரிமைப் பட்டியலில் துணிகளும் ஆடைகளும் இருக்கின்றன. ஏற்றுமதியாளர் மட்டும் கணினி வைத்திருந்தால் இதைச் செய்ய முடியாது. பத்து மெஷின் வைத்திருக்கும் நிட்டிங் யூனிட்டும் தன் பங்கு விவரத்தைக் கொடுத்தாக வேண்டும். அந்தச் செலவைச் சிறியவர் தலையில் கட்டாமல் ஏற்றுமதியாளர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கண்ணி அறுந்தாலும் பாதிக்கப்படப்போவது அவர்களின் ஆர்டர்தான்.

நிட்டிங்கில் ஊசிப் பழுதால் துணியில் விழும் நீளக் கோடுகளைக் கேமரா பார்த்துப் பிடிக்கும் மென்பொருள்களும் வந்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு என்று விற்பார்கள். அதற்கு அறிவு எங்கிருந்து வருகிறது? எது பழுது, எது பழுதில்லை என்று ஆயிரக்கணக்கான படங்களில் யாரோ குறித்துக் கொடுக்க வேண்டும். குறித்துக் கொடுக்கத் தெரிந்தவர் இருபது வருடமாகத் துணி செக்கிங் பார்க்கும் ஆள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த மென்பொருளை வாங்கினால், அதற்குப் பாடம் சொல்ல ஆள் இருக்காது.

இப்படியொரு அமைப்பை வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. எங்கள் மெஷின்களின் கணக்கு யாருடைய கணினியில் இருக்கும்? சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கை எடுத்துக்கொண்டு போக முடியுமா? இணையம் அறுந்தால் இங்கேயே சேமித்து வைக்குமா? அடுத்த கம்பெனியின் மீட்டரும் இதில் பேசுமா? இவற்றுக்கு நேரான பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம். மெஷின் இருக்கும் வலைப்பின்னலையும் அலுவலகத்தில் மின்னஞ்சல் பார்க்கும் வலைப்பின்னலையும் தனித்தனியாக வையுங்கள். ஒரு தவறான இணைப்பைத் திறந்ததால் ஷெட் முழுவதும் நிற்கும் நிலை வரக் கூடாது. கணக்கின் பிரதி ஒன்றை வலையில் இணைக்காத வட்டில் வாரம் ஒரு முறை எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

அரசின் பக்கம் உதவிகள் உண்டு. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு உள்ளவர்களுக்கு, பழுதில்லா உற்பத்திக்காக மத்திய அரசு தரும் செட் (ZED) சான்றிதழின் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீதம் வரை மானியம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ சீமென்ஸுடன் சேர்ந்து ஸ்மார்ட் உற்பத்திக்காக அமைத்த டான்சாம் மையம் சென்னையில் 2022 முதல் இயங்குகிறது. பார்த்துத் தெரிந்துகொள்ள நல்ல இடம்.

எங்கே தொடங்குவது? ஷெட்டில் எந்த மெஷின் முன்னால் வேலை குவிந்து கிடக்கிறதோ, எதற்காக மற்ற மெஷின்கள் காத்திருக்கின்றனவோ, அந்த ஒன்றில் மட்டும் கிளிப் சென்சாரை மாட்டுங்கள். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து மட்டும் பாருங்கள். ஷிப்ட் நோட்டையும் வழக்கம்போல் எழுதச் சொல்லுங்கள், இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று தெரியும். வாரக் கடைசியில் மின்னோட்டம் ஏறி இறங்கிய வரைபடத்தை அச்செடுத்து, சூப்பர்வைசரிடம் கொடுக்கும் முன், மெஷின் ஓட்டுபவரின் கையில் கொடுங்கள். ஒரு பேனாவும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில் அவர் காரணம் எழுதித் தரட்டும்.